தண்ணீர் குடிக்காத சுவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம் சுவரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். கண்ணாடி போட்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு சாட்சிகளும் இருந்தார்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் எங்கள் வீடு பழைய வீடு. பாத்ரூம் கொல்லைக் கடைசியில் இருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகு என் முழங்கால் அவ்வளவு தூரம் வர மறுக்கிறது. பெட்ரூமை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. அரிசி மூட்டை, பித்தளை அண்டா, கால் உடைந்த நாற்காலி என்று கிடக்கும். அதைப் பாத்ரூமாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். கவனியுங்கள்... முடிவு செய்தோம் அல்ல, செய்தேன்.

என் மனைவி சாந்தா மட்டும், "அந்த ரூம் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. "அந்த இருட்டு ரூம்ல ஒனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்றுதானே நாம் எடுத்துக்கொள்வோம்?

சுவருக்கு இயற்கைக் கல். குமுளியில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்து மயங்கியது. கறுப்பில் பச்சை ஓடும். இரண்டடிக்கு இரண்டடி. ஒரு கல்லைச் சுவரோடு நிமிர்த்திப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும்.

கொத்தனார் அந்தோணி ராயப்பன்பட்டிக்காரர். கல்லை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"சார், இது சாதா டைல்ஸ் இல்ல, பாரம். செவரு சரியில்லேன்னா, நீங்க குளிச்சுக்கிட்டு இருக்கையில தலையில வந்து விழுகும்."

அதன் பிறகு சுவரைப் பற்றி எனக்கும் அக்கறை வந்துவிட்டது.

சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்தது, ஏடு ஏடாக உதிர்ந்தது. பிறகு அந்தோணி ஒரு வாளித் தண்ணீரைச் சுவர் முழுக்க விசிறி அடித்தார். "செவரு தண்ணி குடிக்கணும் சார். குடிச்சாத்தான் பசை புடிக்கும்."

சுவர் குடித்தது. மேலிருந்து கீழ்வரை கறுத்துக்கொண்டே வந்தது. கதவுக்கு எதிர் மூலையில் மட்டும் குடிக்கவில்லை. தண்ணீர் அங்கே முத்து முத்தாக உருண்டு வழிந்தது. ஈரச் சுவரின் நடுவே காய்ந்த திட்டாக ஒரு தலை. அதற்குக் கீழே கழுத்து. தோள். முதுகு.

தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருக்கும் ஒரு ஆளின் அளவு. கச்சிதமாக.

அந்தோணி இன்னொரு வாளி அடித்தார். அது அப்படியே இருந்தது. அவர் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

சோப்புத் தூள் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். மறுநாள் காலை தண்ணீர் அடித்தால், அதே ஆள். சிமெண்ட் பால் கரைத்துச் சுவர் முழுக்கப் பூசினார்கள். அதற்கும் மறுநாள் போய்ப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் இரும்பாகப் பிடித்திருந்தது. அந்த உருவத்தில் மட்டும் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று தரையில் கிடந்தது. ஆடிக் காற்று வேறு... கதவு தானாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. நான் பகுத்தறிவு பேசுகிற ஆள்தான். ஆனாலும் அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை.

சித்தாள் பேச்சியம்மாள்தான் கிட்டே போனார். சுவரைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்காண்ணெ வாடை சார். எண்ணெ செவத்துக்குள்ள எறங்கிருக்கு. அதான் தண்ணி ஒட்டல." கொஞ்சம் குனிந்து பார்த்தார். "பொம்பளையாளு. இந்தா, இங்கன பெருசாத் தெரியுதுல்ல, இது கொண்டை படுற எடம். தலை லேசா ஒருபக்கமாத் திரும்பியிருக்கு. கதவப் பாத்துக்கிட்டே உக்காந்துருக்காக."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்த வீட்டுல பொம்பளையாளுக யாரும் தவறிப்போயிருக்காகளா சார்?"

மனதுக்குள் எண்ணினேன். அம்மா, பெரியம்மா, ஒரு விதவை அத்தை. அம்மா மூட்டுவலிக்காரி, தரையில் உட்கார மாட்டாள். பெரியம்மா தலைக்கு எண்ணெய் வைத்து நான் பார்த்ததில்லை. அத்தை இருந்ததே மூன்று மாதம். மூன்று மாத எண்ணெய் சுவருக்குள் இவ்வளவு ஆழம் இறங்குமா? திரும்பத் திரும்ப எண்ணியும் கணக்கு இடித்தது. செத்தவர்களை மட்டும்தான் எண்ணினேன். உயிரோடு இருப்பவளை யார் எண்ணுவார்கள்?

மூன்று நாளும் சாந்தா அந்த அறைப் பக்கம் வரவில்லை. டீ டம்ளர்களை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்று பேச்சியம்மாள் கேட்டது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டோடு வாசலிலேயே நின்றாள்.

"தவறிப்போன ஆளெல்லாம் இல்ல. அது நாந்தான்."

தட்டைக் கீழே வைத்தாள். அவளே உள்ளே வந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த மூலையில் உட்கார்ந்து சாய்ந்தாள். சுவரில் இருந்த ஆள் காணாமல் போனாள். தைத்துக் கொடுத்த ரவிக்கை மாதிரி தோளும் முதுகும் பொருந்தின. தலை மட்டும் திட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. வயதாகிவிட்டதல்லவா?

பேய் என்று நினைத்தபோதுகூட இவ்வளவு பயமில்லை.

"எப்பருந்து?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆகி வந்த வருசத்துலருந்து. மத்தியானம் எல்லாரும் சாப்ட்டு முடிச்சதும் ரெண்டு மணிக்கு வருவேன். மூணு மணிக்கு எந்திரிச்சுருவேன்."

"வந்து என்ன செய்வ?"

"ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். அதுக்குத்தான் வாறது."

அப்போது வீட்டில் பத்துப் பேர். நான் தினமும் காலை பஸ்ஸில் பெரியகுளம் ஆபீஸுக்குப் போய் ராத்திரி திரும்புவேன். வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு இந்த வீட்டைப் பற்றிக் கதை கதையாக எழுதியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பூனைக்குக்கூட ஒரு வாரம் ஒதுக்கினேன். முப்பத்தோரு வருஷம் இந்தச் சுவரில் ஒருத்தி பதிந்துகொண்டே இருந்திருக்கிறாள். வருஷா வருஷம் நான் அவள்மேல் வெள்ளையடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இதைவிட நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

"அந்தோணி, வேலையை நிப்பாட்டிருங்க. ரூம் இப்படியே இருக்கட்டும்" என்றேன். பெரிய தியாகம் செய்கிற குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

சாந்தா எழுந்தாள். சுவரில் அந்த ஆள் மறுபடி உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு நிப்பாட்டணும்? கொத்தச் சொல்லுங்க."

"அப்ப நீ எங்கன உக்காருவ?"

"இங்கனயேதான். பாத்ரூம்னா உள்ள தாப்பா வப்பீகள்ல? இந்த ரூமுக்கு அது இல்ல. எந்நேரம் யாரு கதவத் தள்ளுவாகளோன்னு வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்." பிறகு அந்தோணியிடம் திரும்பினாள். "அண்ணே, உக்கார ஒரு திண்டு மட்டும் கட்டிக் குடுத்துருங்க."

அந்தோணி உளியை எடுத்தார். பழைய பூச்சு முழுவதும் செங்கல்வரை இறங்கியது. கடைசிப் பூச்சும் பெயர்ந்து விழுந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். செங்கல்லிலும் மங்கலாக அவள் இருந்தாள்.

"இத எடுக்கணும்னா செவத்தையே இடிக்கணும் சார்," என்றார் அந்தோணி. "வேணாம். கோழிவலைக் கம்பி அடிச்சு, புதுப் பூச்சுப் பூசி, ஒவ்வொரு கல்லுக்கும் போல்ட்டு முறுக்கிருதேன். கல்லு நிக்கும். இவுக பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்."

கல் பதித்து இரண்டு வாரமாகிறது. ஒன்றுகூட அசையவில்லை.

நேற்று மத்தியானம் சாந்தா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. அரை மணி நேரமாகியும் தண்ணீர்ச் சத்தம் இல்லை. பாட்டு இல்லை, இருமல் இல்லை, வளையல் சத்தம்கூட இல்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன்...

இறக்கிக்கொண்டேன். அடுப்படிக்குப் போய் என் டீயை நானே போட்டுக்கொண்டேன்.