கிழியாத பையைக் குறை சொன்ன செலின் மேடம்

செலின் மேடத்தைத் திட்டுவதற்காகத்தான் அந்தத் திங்கட்கிழமை காலை போன் செய்தேன். சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் ஒரு எஸ்டேட்டுக்குள் போய், எங்கள் பையோடு நட்ட தேயிலைச் செடியைத் தோண்டிப் பார்த்திருந்தார். எஸ்டேட்காரர் என்னிடம் குதித்தார். போனை எடுத்தது மேடத்தின் கணவர்.

"செலின் விடியக்காலையில போயிட்டா சார். நெஞ்சு வலின்னா. கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள..."

வாய் வரை வந்திருந்த வசவை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

தேவர்சோலையில் நான் நடத்தும் சின்னத் தொழிற்சாலையில் மண்ணில் மக்கும் நாற்றுப் பைகள் செய்கிறோம். தேயிலை நாற்றைப் பையோடு நட்டுவிடலாம். பை மக்க, வேர் வெளியே போய்விடும். பதினோரு வருடம் அங்கே தரம் பார்த்தவர் செலின் மேடம். தேவாலாக்காரர். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த அவருடைய பெற்றோர் இங்கேயும் கொழுந்துதான் பறித்தார்கள். இவர் வேதியியல் படித்தார். என் உயிரை வாங்குவதற்கென்றே படித்தாரோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மற்ற கம்பெனிகளில் பை கிழிகிறது என்று புகார் வரும். எங்களிடம் மட்டும் பை கிழியவில்லை என்று புகார், அதுவும் உள்ளே இருந்தே. மேடம் சேர்ந்த முதல் வருடம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. நடவுக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும் என்பதால் மெஷினை வேகமாக ஓட்டச் சொன்னேன். மக்கும் வகைப் பிளாஸ்டிக் உருகிப் பலூன் போல ஊதி மேலே ஏறும். உருளைகள் அதை இழுத்துச் சுற்றும். வேகமாக இழுத்ததும் தாள் முறுக்காக, அருமையாக வந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று மேடத்திடம் நீட்டினேன்.

"கெட்டியா இருக்குங்க சார். அதான் பயமா இருக்கு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அசரவில்லை. "தலை சீவற மாதிரிதாங்க. சிக்கா கெடக்குற முடியைச் சீவி இழுத்துட்டா நெருக்கமாப் பின்னிரலாம். நீங்க இழுக்குற இழுப்புல உள்ள இருக்குற இழையெல்லாம் நேராகி, நெருங்கிப் படிகமா உட்கார்ந்துக்குது. அவ்வளவு இறுக்கமா இருந்தா மண்ணுல இருக்குற கிருமி எப்படிங்க சார் திங்கும்?"

"மக்கும்னு சர்ட்டிபிகேட் இருக்கும்மா" என்றேன்.

"அது மெதுவா ஓட்டுன தாளுக்குக் கொடுத்ததுங்க."

பைகளை அனுப்பிவிட்டேன். எஸ்டேட்டில் எல்லாருக்கும் திருப்தி. நானும் மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, கொட்டுகிற மழையில், கையில் களைக்கொத்தோடு மேடம் அந்தத் தோட்டத்துக்குள் போனார். பை அப்படியே இருந்தது. வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தது. பேசாமல் வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். நேராக அங்கிருந்த ஃபீல்டு ஆபீசரிடம் போய், "எங்க தப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"உங்களை யாரு கேட்டாங்க?" என்று கத்தினேன்.

"யாரும் கேக்கலீங்க சார். அதான் போனேன்."

இப்படிப் பேசுகிற ஆளை என்னதான் செய்வது? மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனியே அந்தச் சரிவில் குனிந்து, செடி செடியாக மண்ணை விலக்கிப் பையைக் கிழித்தது. என் இரண்டு காலிலும் அட்டை. மேடம் கைப்பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாரே தவிர, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன் பிறகு வேகம் கூட்டும் திருகில் தன் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டார், அதற்கு மேல் போகக் கூடாதென்று. நான் சுரண்டினேன். மறுநாள் பூசினார். மறுபடியும் சுரண்டினேன். இரண்டு பேருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். வெட்கமே இல்லாமல் இரண்டு வாரம் இது நடந்தது. கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். அவரிடம் வாதாடிக் களைத்துப்போனேன் என்பதுதான் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு போன பைகள் எல்லாம் மக்கின. அதை ஒரு நாளும் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருக்கலாம்.

தேவாலா சர்ச்சில் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இத்தனை வருடத்தில் நாங்கள் பார்க்காத அளவுக்கு ஒரு ஆர்டர் வந்தது. பத்து நாள்தான் கெடு. மெதுவாக ஓட்டினால் முப்பது நாளாகும். அது கிடைத்தால் வங்கிக் கடன் அடையும், கூரை மாற்றலாம்.

மெஷின் ஓட்டும் பழனி திருகில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க சார், கொஞ்சம் கூட்டட்டுங்களா?"

சுற்றிப் பார்த்தேன். குறுக்கே நிற்க யாருமில்லை. இந்த ஒரு நாளுக்காக எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன்!

"வேண்டாம் பழனி" என்றேன். முப்பது நாளாகும் என்று போனில் சொன்னேன். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆர்டர் போய்விட்டது, மேடம். இப்போது திருப்திதானே? நிம்மதியாகப் போய் வாருங்கள்.