ஜெர்சன் கிள்ளிய பஞ்சமம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஜெர்சனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே கெட்ட பழக்கம் பஞ்சமம். மில்லர்புரம் வீட்டுக்கு வந்தால் காப்பி ஆறிக் கிடக்கும், அவர் கீபோர்டில் கிடப்பார். 'ச'வுக்கும் 'ப'வுக்கும் உள்ள இடைவெளிதான் பஞ்சமம். அதையே மேலுக்கு மேல் அடுக்கினால் ஏழு சுரமும் பிறந்துவிடும். அதன் அளவை மாற்றினால் மொத்தக் குடும்பமும் இடம் மாறும். விரித்தால் 'க' எகிறிப்போய் 'ம'வின் மடியில் உட்காரும். சுருக்கினால் 'க' இறங்கி வந்து இனிக்கும். இதைக் கேட்க அவருக்கு வாய்த்த ஒரே ஆள் மனைவி ஈவாஞ்சலின்.

"கொழம்புல உப்பு கூடிட்டான்னு கேட்டா, பஞ்சமம் கூடிட்டுன்னு சொல்லுதீங்க" என்பாள்.

ஜெர்சன் கீபோர்டு வாசிக்கிற தேவாலயப் பாடகர் குழுவில், கல்யாணமான நாளிலிருந்து அவள் பின்வரிசை. இந்த அறுவடைப் பண்டிகைக்குத்தான் முதன்முதலாகத் தனிப்பாட்டு கிடைத்திருந்தது. 'க' வருகிற இடமெல்லாம் கீபோர்டு தன்னை மேலே இழுக்கிறது என்று பயந்தாள். ஜெர்சன் விடுவாரா? கீபோர்டில் சுருதியளவை மாற்றுகிற வசதியைத் திறந்து, பஞ்சமங்களை இம்மி இம்மியாகக் கிள்ளிச் சுருக்கி, 'க'வைத் தேனாக்கிவிட்டார். கிள்ளியதெல்லாம் எங்கே போகும்? அடுக்கின் கடைசிப் பஞ்சமத்தில், இரண்டு கறுப்புக் கீகளுக்கு நடுவே, குவிந்து வீங்கிக் கிடந்தது. இந்தப் பாட்டில் அந்தப் பக்கமே போகமாட்டோமே என்று நிம்மதியாக இருந்தார்.

கடைசிச் சரணத்தை அரைக்கட்டை ஏற்றிப் பாடுவது அந்தக் கோயில் வழக்கம். ஜெர்சன் அதை மறந்துபோனார்.

பண்டிகையன்று பாட்டு உருகி ஓடியது. கடைசிச் சரணம் வந்ததும், குழுவை நடத்துகிற முத்துக்கனி அண்ணாச்சி வழக்கம்போலக் கட்டைவிரலை உயர்த்தினார். ஜெர்சனின் விரல்களும் பழக்கதோஷத்தில் அரைக்கட்டை ஏறி, அந்த இரண்டு கறுப்புக் கீகளில் போய் விழுந்தன. வீங்கிய பஞ்சமம் சபை நடுவே ஊளையிட்டது. சூடு பட்டதுபோல் கையை எடுத்துவிட்டார். அவள் இத்தனை வருடம் காத்திருந்ததைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

ஈவாஞ்சலின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் குரலில் ஏறிப் பாடி முடித்தாள்.

பண்டிகைக்குச் சபையார் எல்லாருக்கும் போடுகிற அசனச் சாப்பாட்டுப் பந்தியில் முத்துக்கனி அண்ணாச்சி சொன்னார்: "கடைசில கீபோர்ட நிப்பாட்டுனீரு பாரும், அருமையான யோசனைவே!" ஜெர்சன் சோற்றைப் பார்த்துத் தலையாட்டினார்.

வீடு திரும்பும்போது பைக்கில் மன்னிப்புக் கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த ஈவாஞ்சலின் அவர் தோளில் தட்டினாள்.

"அந்த 'க'வுல நின்னப்போ எனக்கு எறங்கவே மனசு வரல. கீபோர்ட அப்படியே வைங்க. கடைசிச் சரணத்த நான் பாத்துக்கிடுதேன்."