புத்தகத்துக்குள் ஒரு சிலேட்டு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கபாசோ உபதேசியாருக்குப் பயம் வந்துவிடும். இருபத்தேழு வருஷமாக அதே கோயிலில் நின்று வேதம் வாசிக்கிற மனுஷனுக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை ஐயா, அதுதான் பயம். போன மழைக்கு முன்னால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. மழை விடுவதற்குள் பக்கமே வெள்ளையாகிப் போச்சு. கண்ணாடி மூன்று தரம் மாற்றியாயிற்று. டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் தேயுது பெரியவரே. போனது திரும்பாது" என்று சொல்லிவிட்டார்.

பெண்டாட்டி, மகள் தவிர யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. பக்கத்து ஊர் உபதேசியாருக்குக் கண் மங்கினபோது என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு கம்பளி, ஒரு ஆடு, கோயில் நிறையக் கைதட்டல், அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுமாதம் அந்த மனுஷன் பேரை எவனும் எடுக்கவில்லை. அந்தக் கைதட்டலில் கபாசோவும் சேர்ந்துதான் தட்டினார்.

கொஞ்ச நாள் மனப்பாடத்தில் ஓட்டினார். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று. ஒன்பது சுற்று வாசித்தவருக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விரலை மட்டும் வரிமேல் ஓட்டுவார். ஆனால் ஒரு சொல் தவறினால் அடுத்தது வராது. வீட்டுக்கு வந்தால் ன்ஷிமாக் களியைத் தொடாமல் அடுத்த வாரத்து வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

மகள் லொம்பே கிட்வே நகரத்தில் நர்ஸ். அவள்தான் பஸ் டிரைவர் கையில் அந்தக் கருவியைக் கொடுத்தனுப்பினாள். புத்தகம் படிக்கிற மின்கருவி, கையகலம், பார்க்கச் சிலேட்டு மாதிரி. வீட்டில் அதற்குச் சிலேட்டு என்றே பேர் விழுந்தது. பெம்பா மொழி வேதம் முழுசும் அதற்குள் அடக்கம். ஒரு மூலையைத் தொட்டால் எழுத்து ஒரு படி பெரிசாகும். ஏழாம் படியில் முதல் பக்கத்து முதல் சொல் கட்டைவிரல் தண்டிக்கு எழுந்து நின்றது. கபாசோ வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார்.

ஆனால் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாதே. அதற்கு முந்தின மாதம்தான் இளைஞர் ஒருவர் போனைப் பார்த்து வாசகம் படிக்கும்போது, அது நடுவில் மதுக்கடைப் பாட்டைப் பாடித் தொலைத்தது. எப்போதாவது பூசைக்கு வந்துபோகிற பங்குச் சாமியார் முபாங்காவுக்கு முகம் சிவந்துபோச்சு. "மேடையில மின்சாரத்துல ஓடுற எதையும் இனி நான் பாக்கக்கூடாது. புத்தகம் மட்டுந்தான். மீறினா, அது உபதேசியாராவே இருந்தாலும் அன்னையோட நிறுத்திடுவேன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனார்.

கபாசோவுக்கு இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குழி. புத்தகத்தை எடுத்தால் கண் காட்டிக்கொடுக்கும். சிலேட்டை எடுத்தால் சாமியார் விடமாட்டார்.

"புத்தகத்துக்கு நடுவுல அதை வெச்சுக்கோ, லொம்பே அப்பா" என்றாள் பெண்டாட்டி, கிழங்கு இடித்துக்கொண்டே.

"கோயில்ல திருட்டுத்தனமா?"

"உன் கண்ணு அவிஞ்சது கடவுளுக்குத் தெரியாதாக்கும். சாமியாருக்குத்தான தெரியாது. அவருக்குத் தெரியாம இருந்துட்டுப் போகட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. எங்கள் கோயிலில் வேதபுத்தகத்தைச் சும்மா தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். சிடெங்கே துணியில் சுற்றி, முறத்தில் வைத்து, ஒரு பெண் தலையில் சுமந்து ஆடிக்கொண்டே வருவாள். சுற்றிலும் குலவை, மத்தளம். ஆகவே துணி சுற்றுவதற்கு முன்பே பின்னறையில் சிலேட்டைச் செருகிவிட வேண்டும். மேடையில் எல்லாரும் பார்க்க அவர் துணியை அவிழ்ப்பார், அட்டையைத் திறப்பார், பெரிய எழுத்தில் படிப்பார். ஜனம் பார்ப்பது அட்டையைத்தான். அஞ்சு மாதம் ஓடிவிட்டது. இதற்குள் எழுத்து ஏழாம் படியிலிருந்து ஒன்பதுக்குப் போயிருந்தது. பயம் மட்டும் குறையவே இல்லை.

முறம் சுமப்பவள் மா ஜெரே. வாயாடி. ஙோனி ஜாதிக்காரி, எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பெம்பா ஆட்களும் ஙோனி ஆட்களும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள்; சண்டை ஓய்ந்தபிறகு கேலி உறவாகிவிட்டது. சாவு வீட்டில் பிணத்தைப் பார்த்துக்கூடக் கிண்டல் பண்ணலாம். கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் அசிங்கம். அவள் எங்களைக் குரங்கு தின்னி என்பாள், நாங்கள் அவளை எலி தின்னி என்போம். அவள் வாயிலிருந்து வருவது எதையும் யாரும் உண்மை என்று எடுத்துக்கொள்வதில்லை.

அக்டோபரில் கோயில் திருவிழா. முபாங்கா சாமியார் வந்துவிட்டார். அன்றைய வாசகம் புதுசு, சுற்றில் வராதது, மனப்பாடமும் கிடையாது. சிலேட்டை வைக்காமல் முடியாது. வைத்தால் சாமியார் நாற்காலி மேடைக்குப் பக்கவாட்டில், நாலடி தூரத்தில். கபாசோ அவசர அவசரமாகச் செருகி, துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டார். முடிச்சு தளர்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மா ஜெரே அன்றைக்குச் சாமி வந்த மாதிரி ஆடினாள். பாதி வழியில் குனிந்து ஒரு சுற்று சுற்றினாள் பாருங்கள், துணி விலகி, கறுப்பு மூலை ஒன்று முறத்தின் விளிம்பில் எட்டிப் பார்த்தது. கபாசோவின் கண்ணுக்கு எழுத்துதான் தெரியாது; அந்தக் கறுப்பு மங்கலாகத் தெரிந்தது. முன்வரிசையில் சபைத் தலைவர் கங்வா கழுத்தை நீட்டுவதும் தெரிந்தது. கங்வா சட்டம் பேசுகிற ஆள். அவர் எழுந்து நிற்பதற்காகப் பெஞ்சைப் பிடித்துவிட்டார். முடிஞ்சுது, இன்னைக்கோட முடிஞ்சுது என்று கபாசோ நினைத்துக்கொண்டார்.

மா ஜெரே முறத்தை இறக்கினாள். ஆட்டத்தை நிறுத்தாமலே சாமியார் பக்கம் திரும்பினாள்.

"சாமி, இந்தக் குரங்கு தின்னி உபதேசியாருக்குக் கண்ணு பொட்டை. புத்தகத்துக்குள்ள சிலேட்டு வெச்சு ஊரை ஏமாத்திக்கிட்டிருக்காரு. எங்க சாதிக்காரனைப் போடுங்க சாமி, எலிப் பொந்துக்குள்ளயே இருட்டுல படிப்பான்."

கோயில் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கங்வா பாதி எழுந்தவர், சிரிப்புக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கபாசோவையே பார்த்தார்கள். பதில் கிண்டல் அவர் பேச வேண்டும், அதுதான் முறை.

"எலி வாலு... எலி வாலு இன்னும் பல்லுல தொங்குது, முதல்ல அதைத் துப்பு" என்றார் ஒருவழியாக. மறுபடி சிரிப்பு. அதற்குள் அவள் துணியை இழுத்து மூடி, மூலையை உள்ளே தள்ளி, புத்தகத்தை அவர் கையில் வைத்துவிட்டாள். அவர் தோளால் மறைத்துக்கொண்டு வாசித்தார். என்ன வாசித்தார் என்று இன்றுவரை அவருக்கு நினைவில்லை.

பூசை முடிந்ததும் கோயில் பின்பக்கம் அவளைப் பிடித்தார். "உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"சுமக்கிறவளுக்குப் பாரம் தெரியாதா? அஞ்சு மாசமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன? என் உசிரே போயிடுச்சு."

"கங்வா வாயைத் தெறந்திருந்தா அது புகாரு. நான் சொன்னா அது கிண்டல். இனிமே ஊர்ல எவன் சொன்னாலும் அது என் கிண்டல்தான். போய்ச் சாப்பிடும், குரங்குக் கறி ஆறிடப் போவுது."

நியாயமாக அவர் மனசு அதோடு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. இன்னொரு ஞாயிறு, இன்னொரு முடிச்சு, இன்னொரு கங்வா. அறுபத்தோரு வயசில் இப்படி நடுங்கிக்கொண்டே செத்துப்போகத் தன்னால் முடியாது என்று பட்டது. சாமியார் வண்டியில் ஏறப்போகும்போது கபாசோ போய் முன்னால் நின்றார்.

"சாமி, அந்தம்மா சொன்னது நெசம்."

சாமியார் சிரித்தார். "இப்ப நீங்களும் சேந்துட்டீங்களா உபதேசியாரே?"

"நெசம் சாமி."

"சரி, அப்ப இதைப் படிங்க பாப்போம்" என்று சிரித்தபடியே தன் செபப் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். கபாசோ அதை வாங்கி, மூக்குவரைக்கும் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்தார். வெள்ளைதான் தெரிந்தது. அதற்குமேல் அவர் நடிக்கவில்லை. சாமியாரின் சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது. கம்பளி, ஆடு, கைதட்டல் எல்லாம் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றன.

"யார் யாருக்குத் தெரியும்?"

"கோயில் பூராவும் கேட்டாங்களே சாமி. சிரிச்சாங்க."

சாமியார் புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டார். "அந்தச் சிலேட்டைக் காட்டுங்க."

காட்டினார். சாமியார் எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப எத்தனாவது படி?"

"ஒம்பது சாமி. பன்னெண்டோட முடிஞ்சுது."

"அஞ்சு மாசத்துல ரெண்டு படி" என்று சாமியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சிலேட்டை அவர் கையில் வைத்து, கையை மூடினார். "நானும் எல்லாரோடயும் சேந்துதானே சிரிச்சேன். மிச்ச மூணு படிக்கும் அதைக் கிண்டல்னே வெச்சுச் சிரிச்சுக்கறேன். பன்னெண்டு வந்த அன்னைக்கு நீங்களே எங்கிட்ட வந்து சொல்லணும். மறைக்கக்கூடாது."

"சொல்றேன் சாமி."

வண்டி போன தூசி அடங்கும்வரை கபாசோ அங்கேயே நின்றார். வீட்டுக்குப் போனதும், வண்டிப் பக்கம் அவர் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்திருந்த பெண்டாட்டி தட்டை வைத்துவிட்டு, "சாமியார்கிட்டச் சொல்லிட்டியா? இன்னும் எத்தனை படி மிச்சம்னு கேட்டாரா?" என்றாள்.

"கேட்டார். நெறைய இருக்குன்னு சொன்னேன்" என்றார் கபாசோ.