ஒன்றே முக்கால் கிலோ

என் தமக்கையின் பிள்ளை செத்துத்தான் பிறந்தது. தமக்கையும் மயிரிழையில் தப்பினாள். பிள்ளை பெரிதாகிவிட்டதால்தான் வெளியே வரவில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஆறு மாதம் கழித்து நான் கர்ப்பமானேன். சண்டைக் காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க எங்கள் தீவில் ஆளில்லை. எனக்குச் சாகப் பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பிள்ளையைவிட என் உயிரைத்தான் நினைத்தேன்.

ஐந்தாம் மாதத்திலிருந்து பாதிச் சோறுதான் சாப்பிட்டேன். பிள்ளை சின்னதாக இருந்தால் சுலபமாக வந்துவிடும் என்பது என் கணக்கு. வயிறே தெரியவில்லை என்று எங்கள் ஊர் நாரந்தனையில் அயலவர்கள் மெச்சினார்கள், எனக்கும் பெருமைதான். சைக்கிளில் வரும் மருத்துவிச்சி மட்டும் முகம் சுளிப்பார். வயிறு நிறையச் சாப்பிடுகிறேன் என்று கூசாமல் பொய் சொல்வேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

பிரசவம் நான் விரும்பியபடியே சுகமாக நடந்தது. பெண் பிள்ளை. மருத்துவிச்சி அவளைத் துணியில் இட்டுத் தராசில் தொங்கவிட்டார். ஒன்றே முக்கால் கிலோ. விரல் மடித்து மாதத்தை எண்ணினார். நாள் சரியாகத்தான் இருந்தது. இரண்டரைக் கிலோவாவது வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சூடு நிற்காது என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். தமக்கையின் பெரிய பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

தமக்கைக்கும் அவர்தான் பிரசவம் பார்த்தவர்.

"ஆர் பெரிசெண்டு சொன்னது? நான்தானே நிறுத்தனான். மூண்டு கிலோ, நல்ல நிறை. பிள்ளை குறுக்கை கிடந்தது, அதாலைதான் வரேல்லை. நீர் என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாமே" என்றார்.

பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துச் சீலையால் கட்டிவிட்டார். அவளுக்கு உறிஞ்சப் பலமில்லை. அம்மா கொண்டுவந்த சோற்றை வழித்து வழித்துத் தின்றேன். இன்னும் கேட்டேன். நான் தின்றால் இனியாவது அவளுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு விசர் பிடித்த நம்பிக்கை.

மூன்றாம் நாள் காலை அவள் என் நெஞ்சிலேயே குளிர்ந்துபோனாள். நாலாம் நாள் பால் சுரந்து சட்டை நனைந்தது. கிணற்றடியில் குந்தியிருந்து பாலைப் பிழிந்து ஊற்றினேன்.