மஞ்சள் சீட்டும் இரண்டங்குலமும்

சலவைக் கடையின் மூலையில் ஒரு தையல் மெஷினும் ஸ்டூலும் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்குத் தெருவே வைத்த பெயர் ஆல்ட்டரேஷன் அக்கா. அவளுக்குச் சோறு போடுவதே வெளிநாட்டுத் துணிதான். போனில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்குவார்கள். வந்து சேர்ந்தால் தோள் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். திருப்பி அனுப்பக் கேட்கிற காசில் இன்னொன்றே வாங்கிவிடலாம். தலையில் அடித்துக்கொண்டு பெட்டியோடு அக்காவிடம் வருவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும்: சுங்கவரி, கூரியர் கட்டணம், கிடங்கில் கிடந்த நாட்களுக்கு வாடகை. அக்கா அதைப் படித்துவிட்டு, துணியைவிட வால் நீளமாக இருக்கிறதே என்று சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளே ஒரு கோட்டுக்குப் பணம் அனுப்பினாள். வெளியூரில் அறை எடுத்து, ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்த மகளுக்கு இந்த ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் நேர்காணல். நானே தைத்துத் தருகிறேன் என்றதற்கு மகள் ஒரு வெளிநாட்டுக் கோட்டின் படத்தை அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுத் தையலைப் பார்த்துச் சிரித்தார்களே, அதை இரண்டு பேருமே மறக்கவில்லை. நீ ஆசைப்பட்டதையே வாங்கு என்று படத்தில் போட்டிருந்த விலையையும் தன் அளவு நோட்டில் இருந்த மகளின் அளவையும் அனுப்பிவைத்தாள். அந்த விலைக்கும் ஒரு வால் உண்டென்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை, பாருங்கள்.

நாளைக் காலை நேர்காணல். மதிய பஸ்ஸில் மகள் கோட்டோடு வருகிறாள். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசியில் நூல் கோத்தாள், உருவினாள், மறுபடி கோத்தாள். யாருடைய கால்சட்டையையோ ஒரு கால் மட்டும் குட்டையாக வெட்டப் போனவளைக் கடைக்காரர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவையும் திறக்கவில்லை.

மகள் வந்தாள், கோட்டைப் போட்டாள். தோள் சரி, கை சரி. இடுப்பில் மட்டும் தொளதொள. அக்கா குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு கூட்டிப் பிடித்தாள். இரண்டங்குலம். டேப்பைத் துணிமேல் வைத்தாள். நோட்டு அளவுக்கு மயிரிழைகூடப் பிசகவில்லை. மகளின் இடுப்பில் சுற்றினாள். நோட்டில் இருந்ததைவிட இரண்டங்குலம் குறைவு.

பெட்டியை இழுத்துத் திருப்பினாள். மஞ்சள் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் பசை மட்டும் இருந்தது. நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.

குண்டூசிகளைக் கையில் துப்பிவிட்டு, "எவ்வளவு வந்துச்சு?" என்றாள்.

அதெல்லாம் கட்டியாச்சு என்றாள் மகள், கண்ணாடியைப் பார்த்தபடி.

"எதுல இருந்து?"

"ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேம்மா. ரெண்டு மாசம்தான். நான் சேர்க்கச் சேர்க்க கிடங்கு வாடகையும் ஏறிட்டே போச்சு. உன்கிட்ட சொன்னா நீ யார்கிட்டயாவது போய் நிப்பே."

ஊரான் வீட்டுச் சீட்டையெல்லாம் படித்துச் சிரித்தவள், தன் வீட்டுச் சீட்டைக் கோட்டைவிட்டாளே. மெஷின் பக்கமே போகவில்லை. கைஊசியை எடுத்து, பெரிய பெரிய தையலாக ஓட்ட ஆரம்பித்தாள்.

மெஷினில் போட வேண்டாமா, பிரிந்துவிடாதா என்று மகள் பதறினாள்.

"நாளைக்குத் தாங்கும். அதுக்கு மேல தாங்க வேணாம். நானே பிரிச்சிடுவேன். அந்த ரெண்டங்குலத்தை நீ எனக்குத் திருப்பித் தந்தாகணும்."

சொல்லிவிட்டு ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தினாள். கோட்டைக் கழற்றச் சொல்லி, சாப்பாட்டு டப்பாவை மகள் முன்னால் வைத்தாள். அது காலியாகும் வரைக்கும் ஊசியைத் தொடவே இல்லை.