சித்தி துடைத்த ஜன்னல்

என் சித்தி வேலை செய்வது அடையாள அட்டைக்குத் தலை மட்டும் எடுக்கும் ஃபோட்டோ ஸ்டூடியோவில். ஸ்டூலைத் துடைப்பாள், பின்னால் தொங்கும் வெள்ளைத் துணியின் சுருக்கத்தை இழுத்து விடுவாள், வந்தவர் தோளில் பொடுகு இருந்தால் தட்டி விடுவாள். அப்புறம்தான் கேமராவைத் தொடுவாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே பொழைப்பு. ஊரில் பாதி மூஞ்சி அவள் கைவழியாகத்தான் போயிருக்கிறது. ஒரு மூஞ்சிகூடச் சிரித்ததில்லை.

அதனால்தான் அந்த ஃபோட்டோ கிளப்பில் சேர அவளுக்கு அவ்வளவு ஆசை. சேருவது லேசில்லை. அவர்களோடு ஒரு இடத்துக்குப் போக வேண்டும், அங்கே எடுத்த ஒரு படத்தைக் காட்ட வேண்டும், பாதிக்கு மேல் கை தூக்கினால் உள்ளே. முதல் தடவை ஒரு ஆட்டைக் காட்டினாள். ஆடு நேராகப் பார்த்துக்கொண்டு, இரண்டு காதும் தெரிய, வேலைக்கு விண்ணப்பம் போடுகிற மாதிரி இருந்தது. ஒரு கை எழவில்லை. இரண்டாவது தடவையும் இப்படியானால் மறுபடி கேட்கவே கூடாது என்பது கிளப் சட்டம்.

இரண்டாவது தடவை போனது மூடிக் கிடந்த மாவு மில்லுக்கு. வீட்டு ஆள் ஒருவர் வரலாம் என்றார்கள். சாப்பாடு உண்டு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மேல்மாடியில் ஒரு ஜன்னல். கண்ணாடி முழுக்க மாவுத்தூசி, அதன் குறுக்கே பாய் அகலத்துக்குச் சிலந்தி வலை. வெயில் ஏறி வலையில் பட்டால் தங்கக் கம்பி மாதிரி மின்னுமாம். அதற்காகத்தான் மொத்தக் கும்பலும் வந்திருந்தது. வெயில் வருகிறவரை டீ குடிக்கக் கீழே போனார்கள். வலைக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று சித்தியிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் பையிலிருந்து துணியை எடுத்தாள், ஜன்னலைப் பளபளவென்று துடைத்து வைத்தாள்.

கிளப் தலைவர் மேலே வந்தார். காலை அகட்டி நிற்பார் என்பதால் நான் வைத்த பெயர் முக்காலி.

"வலை எங்கம்மா?"

"எந்த வலைங்க?"

"இங்க இருந்த வலை!"

"அதுவா, சுத்தம் பண்ணிட்டேங்க. இப்ப எவ்ளோ வெளிச்சம் பாருங்க!"

முக்காலி ஆடிப்போனார். "இதுக்கா விடியக்காலைல எந்திரிச்சு வந்தோம்?" என்றார் பின்னால் வந்த பல் டாக்டரம்மா. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். சித்தி முகம் சுண்டிப்போனது.

"வேற சிலந்தி புடிச்சிட்டு வரட்டா சித்தி?"

"வாயை மூடுடா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே மூட்டை ஏற்றும் மேடையில் கிளப்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முக்காலி இரண்டு கையையும் விரித்து வலையின் அளவைக் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார். லாரி ஆபீஸ் கிளார்க் கேமராப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போயிருந்தார். யாரும் மேலே பார்க்கவில்லை. சித்தி யாரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்லவும் இல்லை. எடுத்துவிட்டாள்.

பஸ் ஏறுமுன் படத்தைக் காட்டினாள்.

"இதுல மில் எங்கம்மா?" என்றார் முக்காலி.

"மில்லுக்குள்ள இருந்துதாங்க எடுத்தேன்."

"நான் தூங்கல, கண்ணைத்தான் மூடியிருந்தேன்" என்றார் கிளார்க்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "தலைவரே, நீங்க காட்டுற அளவுக்கு அந்த வலைல யானையே மாட்டும் போலயே!" சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். கிளார்க்கும் தூக்கினார். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. முக்காலி கை மட்டும் பாக்கெட்டிலேயே இருந்தது.

"சட்டம் சட்டம்தான்" என்றார் அவர். "வந்து சேருங்க. ஆனா நாங்க எடுத்து முடிக்கிறவரைக்கும் எதையும் தொடாதீங்க, தாயே!"

"என்னாச்சு?" என்று வீட்டில் சித்தப்பா கேட்டார்.

"சேத்துக்கிட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் சமையலறையில் பாட ஆரம்பித்தாள். காது கொடுத்துக் கேட்க முடியாது. டிவி சத்தத்தைக் கூட்டப் போன சித்தப்பா கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.