எண்ணூறும் ஒன்றும்

தறியில் நீளவாக்கில் நிற்கும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். அவற்றை எண்ணி, அறுந்ததைப் பிணைத்து, தறியில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. எண்ணிப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி. அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: தறியின் சொந்தக்காரியான கிழவி சிஞ்ஞோரா, எனக்குக் கையுதவியாக இருந்து என் தமிழையே பேசப் பழகிய மொரீஷியஸ் தமிழ்ப் பெண் தேவிகா, நான். ஆக மூன்று பேர். பட்டுப் பாவு பிழையில்லாமல் தறி ஏறினால் என் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாக சிஞ்ஞோரா சொல்லியிருந்தார். கடிதம் இல்லாவிட்டால் பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை. பெர்மெஸோ இல்லாவிட்டால் அந்த நாட்டில் நான் இல்லை.

லாபம்

தேவிகா நாற்பது நாற்பதாக எண்ணிப் பிடி கட்டினாள். இருபது பிடி. எண்ணூறு வர வேண்டும். எண்ணூற்று இருபது வந்தது. எங்கள் ஊரில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை. லாபம், இரண்டு, மூன்று என்போம். நான் இழையையும் அப்படித்தான் எண்ணுவேன். அதைக் கேட்டுப் பழகியவள், லாபத்துக்குப் பிறகு ஒன்றையும் எண்ணியதில் பிடிக்கு ஓர் இழை கூடிவிட்டது. பிழையைச் சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"லாபம் எண்டால் கூட வரத்தானே வேணும், ஐயா?"

முடிச்சு

கூடிய இருபதையும் உருவி எடுக்கும்போது நல்ல இழை ஒன்று அறுந்துவிட்டது. வியர்த்த கையால் பட்டைப் பிணைக்க முடியாது. குசினிக்குப் போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் இழை பிணைக்கப்பட்டிருந்தது. முடிச்சு இடப்பக்கம் முறுக்கியிருந்தது.

தேவிகா என்னோடு குசினியில்தான் நின்றாள். சிஞ்ஞோராவின் விரல்கள் வாதத்தில் மடங்கியவை. கோப்பையையே இரண்டு கையாலும்தான் பிடிப்பார். யார் பிணைத்தது என்று கேட்டேன். சிஞ்ஞோரா சுவரோரம் கிடந்த வெறும் கதிரையைப் பார்த்தார். அவருடைய அக்கா இருந்த கதிரை. அந்த அம்மா அதற்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துபோனவர்.

"என் அக்கா இடக்கைக்காரி."

அச்சு

அச்சு என்பது இரும்புச் சீப்பு மாதிரி. பல்லிடைக்கு ஓர் இழை. நானே வாய்விட்டு எண்ணிக் கோத்தேன், லாபத்தில் தொடங்கி. எண்ணூறு இடையும் நிறைந்தன. என் கையில் இன்னும் ஓர் இழை இருந்தது. அதன் நுனியிலும் இடப்பக்க முடிச்சு. யன்னல் சாத்தியிருந்தும் அது கதிரைப் பக்கமாக ஆடியது.

கடிதம் போயிற்று என்று நினைத்தேன். ஒளிக்கத் தெரியவில்லை, நீட்டினேன். சிஞ்ஞோரா அதை வாங்கிக் கதிரையின் கையில் சுற்றி வைத்தார்.

"இது பிழை இல்லை, அவள் பங்கு. கடிதத்தைக் கொண்டு வா."

எண்ணிப் பிழைக்கிறவர்களே, கணக்குப் பிழைத்தும் நான் பிழைத்தேன்: தறியில் எண்ணூறு, மிச்சம் ஒன்று.